முதலில் உயிர் பிழைக்கட்டும்!

வலி நிவாரணி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொண்ட இளைஞர் மரணம் என்ற செய்தி தமிழகத்துக்குப் புதிதல்ல. ஒவ்வொரு மரணத்துக்குப் பின்னும் மாத்திரை விற்றவர்கள் கைதாகிறார்கள். அது தேவைதான். ஆனால், ஏற்கெனவே ஊசிக்குப் பழகிவிட்டவர்களைக் காப்பாற்றுவது மருத்துவத் துறையின் கடமை.

விழுங்குவதற்காகச் செய்யப்பட்ட மாத்திரையில் உள்ள மாவுப்பொருள் முழுமையாகக் கரையாது. அது ரத்தக் குழாயை அடைக்கும். குத்திய இடம் சீழ்பிடிக்கும். ஒரே ஊசி கைமாறினால் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ்-சி கிருமியும் சேர்ந்தே பரவும். மணிப்பூரில் 1990ஐ ஒட்டி, ஊசி பகிர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மிகக் குறுகிய காலத்தில் எச்.ஐ.வி. தொற்றியது. நாட்டில் ஊசிவழிப் போதைக்கு ஆளானவர்கள் சுமார் 8.5 லட்சம் பேர் என்று 2019இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது.

இவர்களில் ஒருவர் சீழ்பிடித்த கையோடு மருத்துவமனைக்கு வந்தால், ‘முதலில் பழக்கத்தை விட்டுவிட்டு வா’ என்ற வசவே பல நேரங்களில் கிடைக்கிறது. அப்படித் துரத்தப்பட்டவர், நோய் முற்றிய பிறகே திரும்புகிறார். சர்க்கரை நோயாளி இனிப்பை விடவில்லை என்பதற்காக எந்த மருத்துவரும் அவர் கால் புண்ணுக்குக் கட்டுப்போட மறுப்பதில்லை.

மாற்றுவழி நம்மிடமே இருக்கிறது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் திட்டத்தில் சுத்தமான ஊசிகள் வழங்கப்படுகின்றன. மாற்று மருந்து மையங்களில் செவிலியரின் கண்ணெதிரே பியூப்ரினார்ஃபின் மாத்திரையை நாக்கின் அடியில் வைத்துக் கரையவிடுகிறார்கள். உடல் நடுக்கமும் வலியும் அடங்குவதால், அன்றைய ஊசியைத் தேடி அலையாமல் வேலைக்குப் போக முடிகிறது. இந்தச் சேவைகளைத் தருவதும் பெறுவதும் குற்றமாகாது என்று 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது.

ஊசி கொடுத்தால் போதை பெருகாதா என்று கேட்கலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2004இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, இத்திட்டங்கள் எச்.ஐ.வி.யைக் குறைப்பதாகவும் போதைப் பழக்கத்தைக் கூட்டுவதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை எனவும் கூறியது. ஊசி வாங்க வருபவரே நாளை சிகிச்சைக்கும் வருவார். வராதவரிடம் யாரும் பேசவே முடியாது.

எனவே, மாற்று மருந்துச் சிகிச்சை எல்லா மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் கிடைக்க வேண்டும். அபின் வகை மருந்து மிகையாகி மூச்சு அடங்குபவரை மீட்கும் நலாக்சோன், அவசரப் பிரிவுகளிலும் 108 ஆம்புலன்ஸ்களிலும் தட்டுப்பாடின்றி இருக்க வேண்டும். ஊசி வைத்திருந்ததற்காக யாரையும் பிடிக்கக் கூடாது என்று காவல் நிலையங்களுக்குச் சுற்றறிக்கை போக வேண்டும். பழக்கத்தை விடுவது சிகிச்சையின் பலனாக இருக்கலாம். சிகிச்சைக்கான நிபந்தனையாக இருக்கக் கூடாது.