ஆசிரியரிடம் சொல்லத் தயங்கும் செய்தி

பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் கூட்டம் நடைபெறும் நாட்களை ஒட்டி, எங்கள் குழந்தைகள் பிரிவில் ஒரே விதமான பேச்சை நாங்கள் கேட்கிறோம். "நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லியிருக்காங்க, டீச்சர் என்ன சொல்லப் போறாங்களோ" என்று, பிள்ளையின் சளிக்கு மருந்து வாங்க வந்த தாய் கவலைப்படுவார். பிள்ளை முதல் வகுப்பில்தான் படிக்கும். படபடப்பும் தூக்கமின்மையும் தாய்க்கு.

ரெட்டியார்சத்திரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் இப்பதற்றத்துக்குக் காரணங்கள் உண்டு. காய்கறித் தோட்டத்திலோ நூற்பாலையிலோ வேலை செய்பவருக்கு ஒரு முற்பகலை விடுவது ஒரு நாள் கூலியை இழப்பதாகும். படிப்பைப் பாதியில் விட்டவருக்கு, வகுப்பறை வாசலை மிதித்தவுடன் தம் பழைய அச்சம் திரும்பி வந்துவிடுகிறது. பிள்ளை வளர்ப்பில் குறை சொல்லிவிடுவார்களோ என்ற கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. அக்கறை உள்ளவருக்கே இத்தகைய அச்சம் வரும். ஆகவே அதற்காக எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆனால் அந்த அச்சம் பெற்றோரின் வாயைக் கட்டிவிடும்போது, அதன் விலையைக் கொடுப்பது குழந்தை. பிள்ளைக்கு வலிப்பு நோய் இருப்பதை ஆசிரியரிடம் மறைக்கும் பெற்றோரை நாங்கள் சந்திக்கிறோம். பெண் குழந்தையாக இருந்தால், பின்னாளில் திருமணத்துக்குத் தடையாகும் என்று அஞ்சி மறைக்கிறார்கள். அவர்களின் மனம் எங்களுக்குப் புரிகிறது. அவர்களின் முடிவை எங்களால் ஏற்க இயலவில்லை. வகுப்பில் வலிப்பு வந்தால் அருகில் இருப்பவர் ஆசிரியர்தான். குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், கைகால்களை அழுத்திப் பிடிக்கக் கூடாது, வாயில் தண்ணீர் உட்பட எதையும் கொடுக்கக் கூடாது, கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் வலிப்பு நிற்காது, 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108-ஐ அழைக்க வேண்டும் என்பவற்றை அவர் முன்பே அறிந்திருந்தால் ஓர் உயிர் காக்கப்படலாம். ஆஸ்துமாவும் சர்க்கரை நோயும் உள்ள குழந்தைகளுக்கும் இது பொருந்தும்.

பெற்றோர் சொல்ல வேண்டியவை இருப்பதுபோல், கேட்டு வர வேண்டியவையும் உள்ளன. எங்கள் அறையில் ஒரு குழந்தையை நாங்கள் பார்ப்பது சில நிமிடங்கள். ஆசிரியர் நாள் முழுவதும் பார்க்கிறார். கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதத் திணறும் குழந்தைக்குக் கண் பார்வையில் குறை இருக்கலாம். அழைத்தால் திரும்பாத குழந்தைக்குக் காது கேட்பதில் குறை இருக்கலாம். பாடத்தின் நடுவே சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு மீளும் குழந்தைக்கு, கனவு காண்பதுபோல் தோன்றும் ஒரு வகை வலிப்பு இருக்கலாம். 2013-இல் தொடங்கப்பட்ட ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் கீழ் நடமாடும் மருத்துவக் குழுவினர் அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கின்றனர். ஆயினும் அவர்கள் வருவது ஆண்டுக்கு ஒரு முறை. மற்ற நாட்களில் ஆசிரியரின் கண்ணே முதல் பரிசோதனை. "கவனமே இல்லை" என்று அவர் சொன்னால், அதைத் திட்டாக எடுத்துக்கொண்டு வீட்டில் பிள்ளையை அடிக்காதீர்கள். அந்தச் சொல்லை அப்படியே எங்களிடம் கொண்டு வாருங்கள்.

பள்ளியில் பெற்றோர் விருந்தாளிகளும் அல்லர், குற்றவாளிகளும் அல்லர். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. குழந்தையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் அதே சட்டம் தடை செய்கிறது. இவற்றை அறிந்து செல்பவரின் குரல் நடுங்காது.

கூட்டத்துக்கு முதல் நாள் இரவு, "பள்ளிக்கூடத்தில் உனக்கு எது பிடிக்கும், எது கஷ்டமாக இருக்கிறது?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். சொல்ல வேண்டிய இரண்டு செய்திகளையும் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எழுத வராவிட்டால் மூத்த பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். மருந்துச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். வேலையால் போக முடியாவிட்டால் பாட்டியையோ சித்தியையோ அனுப்புங்கள். மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன், "வகுப்பில் என் பிள்ளை எப்படி இருக்கிறான், யாருடன் விளையாடுகிறான்?" என்று கேளுங்கள். வீடு திரும்பியதும் ஆசிரியர் சொன்ன நல்லதைப் பிள்ளையிடம் முதலில் சொல்லுங்கள்.

அன்று காலை நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். படபடப்போடேயே போய் வாருங்கள். உங்கள் பிள்ளையைப் பற்றி நீங்கள் அறிந்ததை, உங்களைத் தவிர வேறு எவரும் ஆசிரியருக்குச் சொல்லப் போவதில்லை.