மலையும் ஒரு தீவே!

கோடைக்காலத்து ஞாயிறன்று வத்தலக்குண்டுச் சாலையோரம் நின்று பார்த்ததுண்டா, தோழர்களே? கார்கள், கார்கள், மீண்டும் கார்கள்! திண்டுக்கல்லில் இறங்குகிறார்கள், பிரியாணி உண்கிறார்கள், கோடைக்கானலுக்குப் பறக்கிறார்கள். 1605இல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கிய கோட்டை குன்றின்மேல் நின்று அவர்களைப் பார்க்கிறது. நிமிர்ந்து அதைப் பார்க்க அவர்களுக்கு நேரமில்லை!

அந்தக் கார்களுக்குச் சென்னை உயர்நீதிமன்றம் கடிவாளமிட்டது. 2024 மே 7 முதல் இ-பாஸ். 2025 ஏப்ரலில், கோடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 என வரம்பு. "கதவை அடைத்தால் கூட்டம் மூணாறுக்குப் போய்விடுமே!" என்ற கவலை பிறந்தது. அதை எள்ளி நகையாட நாம் தயாரில்லை. ஏரிக்கரையில் குதிரை பிடித்து வயிறு வளர்ப்பவன் வீட்டு அடுப்பில்தானே முதலில் பூனை உறங்கும்?

ஆயினும், மலையும் ஒரு தீவே. கடலுக்குப் பதில் சமவெளி சூழ்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நிலமும் அளவு, நீரும் அளவு. தீவுகள் அண்டைப் போட்டியை எப்படிச் சமாளித்தன?

2018இல் 23 லட்சம் பயணிகளை வரவேற்ற இலங்கை, 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பாலும், கொரோனாவாலும், 2022 பொருளாதார வீழ்ச்சியாலும் துவண்டது. 2023இன் இறுதியில் இந்தியா உள்ளிட்ட 7 நாட்டினர்க்கு விசாக் கட்டணத்தைத் தள்ளியது. 2024இல் 20 லட்சம் பேர் வந்தார்கள். நல்லதே! ஆனால் பக்கத்து மாலத்தீவு வந்திறங்குவோரிடம் விசாவுக்குக் காசே கேட்பதில்லை. விலை குறைக்கும் பந்தயத்துக்கு எல்லை ஏது?

மாலத்தீவின் கதைதான் நமக்குப் பாடம். 1972இல் அங்கே முதல் உல்லாச விடுதி திறந்தது. பின்னர் ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்று செல்வர்க்கான சொர்க்கம் வளர்ந்தது. அந்த மண்ணின் மைந்தனுக்கோ அங்கே தட்டேந்தும் வேலை! மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லம் நடத்த 2009இல்தான் வழி பிறந்தது. மாஃபுஷி போன்ற தீவுகளில் சிறு இல்லங்கள் எழுந்தன. ஓரிரவு வாடகைக்கு ஒரு மாதச் சம்பளத்தைக் கொட்ட முடியாத நடுத்தர மனிதனும் மாலத்தீவுக்குப் போகலானான். அண்டை நாட்டுக்குப் போயிருக்கக் கூடியவன் அவன்! அவனை ஈர்த்தது விளம்பரமல்ல, சாமானியன் திறந்த கதவு.

இங்கே திறக்க வேண்டிய கதவு மலைமேல் இல்லை; அடிவாரத்தில் இருக்கிறது. உயர்நீதிமன்றத்தின் வரம்பு எண்ணியது வண்டிகளை, ஆட்களை அல்ல. அரசுப் பேருந்துக்கு அதில் விலக்கும் தந்தார்கள். நால்வரைச் சுமந்து ஒரு கார் ஏறும் இடத்தில் ஐம்பது பேரைச் சுமந்து ஒரு பேருந்து ஏறாதா? கார் சமவெளியில் நிற்கட்டும். வந்தவர் மாலையில் கோட்டை ஏறட்டும், இரவு திண்டுக்கல்லில் தங்கட்டும், விடியற்காலைப் பேருந்தில் மலைக்குப் போகட்டும். மலைக்கு மூச்சு வரும். நம் ஊர் விடுதிக்கும், சாப்பாட்டுக் கடைக்கும், ஆட்டோ ஓட்டுநர்க்கும் காசு வரும்.

அடுத்த கோடைக்குள் ரயில் நிலையத்து வாசலிலிருந்து அரை மணிக்கொரு கோடைக்கானல் பேருந்து: இதைத்தான் கேட்கிறோம்.