மிளகுக்கு என்னவாம்?

‘இப்பந்தியின் மையக் கருத்தை ஒரு வசனத்தில் எழுதுக.’ கிரகித்தல் பகுதியில் இந்த வினாவைக் கண்டதும் நம் மாணவிகள் பலர் பந்தியின் முதல் வசனத்தை அப்படியே பெயர்த்து எழுதிவிடுகிறார்கள். அதில் சந்தேகம் வந்தால் கடைசி வசனத்தை எழுதுகிறார்கள். பிள்ளைகளை மட்டும் குறைகூற முடியாது. ‘மையக் கருத்து முதல் வசனத்தில் இருக்கும்’, ‘திரும்பத் திரும்ப வரும் சொல்லைப் பார்’ என்று வாய்ப்பாடு போலச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஆசிரியர்களாகிய நாங்கள்தானே. இவை பாதி உண்மைகள். பாடநூலிலும் பத்திரிகைச் செய்தியிலும் ஓரளவு கைகொடுக்கும். கட்டுரையிலும் கதையிலும் காலை வாரிவிடும்.

பத்தாம் தர வகுப்பில் ஒருநாள் நானே ஒரு பந்தியை எழுதிக் கரும்பலகையில் இட்டேன். பலாபத்வலையில் மிளகுக் கொடியைத் தெரியாத பிள்ளை இல்லை என்பதால் மிளகையே எடுத்துக்கொண்டேன்.

“மாத்தளை மாவட்டத்தில் மிளகு பரவலாகப் பயிரிடப்படுகிறது. மிளகுக் கொடியைக் கிளிரிசிடியா மரங்களில் படரவிடுவர். பறித்த மிளகை வெயிலில் காயவைத்தால் அது கறுத்துச் சுருங்கும். விலை ஏறியிருக்கும் நாட்களில், களவு போய்விடுமோ என்ற பயத்தில் சிலர் காய் முற்றும் முன்னரே பறித்துவிடுகின்றனர். அந்த மிளகு காய்ந்ததும் பாரம் குறைந்துவிடும். சாக்கு நிறைந்தாலும் தராசில் நிற்காது.”

‘மிளகு’ என்றார்கள் சிலர். ‘மிளகுப் பயிர்ச்செய்கை’ என்றார்கள் வேறு சிலர். பாதி வகுப்பு முதல் வசனத்தை எழுதியிருந்தது. பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை மட்டும், “டீச்சர், அவசரப்பட்டுப் பறிச்சா நட்டம் எண்டுதானே சொல்லுது?” என்று கேட்டாள். அவளுடைய வீட்டு முற்றத்தில் மிளகு காயப்போடுவார்கள். தனக்குத் தெரிந்ததை எழுத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

மற்றவர்கள் எழுதியது பிழையென்று சொல்ல முடியாது. ஆனால் அது தலைப்பு. எதைப் பற்றியது என்று கேட்டால் ‘மிளகு’ என்ற பதில் போதும். அதற்கு மேல் ஒரு கேள்வி இருக்கிறது: மிளகுக்கு என்னவாம்? அந்தக் கேள்விக்கு வரும் பதில்தான் மையக் கருத்து. திரும்பத் திரும்ப வரும் சொல்லைத் தேடினால் தலைப்பு வரைதான் போகலாம்.

இன்னொரு வழியும் உண்டு. வசனங்களை ஒவ்வொன்றாக விரலால் மறைத்துப் பாருங்கள். கிளிரிசிடியா மரத்தை மறைத்தால் பந்திக்கு ஒன்றும் ஆகாது. முற்றும் முன்னரே பறிப்பதையும் பாரம் குறைவதையும் மறைத்தாலோ, மீதி இருப்பவை எல்லோருக்கும் தெரிந்த தகவல்கள்தான். எதை எடுத்தால் பந்தி வெறுமையாகிறதோ, எழுதியவர் அதற்காகவே பேனாவை எடுத்திருக்கிறார். (மஞ்சள் நிற ஹைலைட்டரால் பக்கம் முழுவதையும் பூசும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: எல்லாவற்றுக்கும் நிறம் பூசினால் எதற்கும் பூசாதது போலத்தான்.)

இது பரீட்சை மண்டபத்தோடு முடிகிற விடயமல்ல. கொவிட் காலத்து ஜனாஸாக்களை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். 2020 ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி, கொவிட்டால் மரணித்தோரின் உடல்களை எரிப்பதைக் கட்டாயமாக்கியது. 2021 பெப்ரவரி 10ஆம் திகதி, அடக்கம் செய்ய அனுமதி வழங்கப்படும் என்று அன்றைய பிரதமர் பாராளுமன்றத்தில் கூறினார். அந்தச் செய்தி கைபேசிக்குக் கைபேசி பறந்தது. ஆனால் சட்டம் அன்று மாறவில்லை. அதை மாற்றியது பெப்ரவரி 25ஆம் திகதிய வர்த்தமானி. அதுவும் வெறுமனே ‘அடக்கலாம்’ என்று சொல்லி நிற்கவில்லை. சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகத்தின் பணிப்புரைப்படி, அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் என்று நிபந்தனை வைத்தது. ‘அடக்கலாம்’ என்ற ஒரு சொல்லோடு வாசிப்பை நிறுத்தியவர், தன் ஊர் மையவாடியிலேயே அடக்கலாம் என்று எண்ணியிருப்பார். மார்ச் மாதம் அடக்கம் தொடங்கியபோது அது ஓட்டமாவடியில் மட்டுமே நடந்தது. எந்த மாவட்டத்து ஜனாஸாவாயினும் அங்கேதான் போகவேண்டியிருந்தது. அந்த அறிவித்தலின் கனம் முழுவதும் நிபந்தனையில்தான் கிடந்தது. ‘ஆனால்’, ‘எனினும்’, ‘இதற்கமைய’, ‘தவிர’ என்ற சொற்களைக் கண்டால் சற்று நின்று வாசியுங்கள் என்று நான் வகுப்பில் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். கடந்தகால வினாத்தாள்களின் விடை நூல்களை அடுக்கடுக்காக வாங்கிக் கொடுக்கிறீர்கள். கிரகித்தலுக்கு அவை அதிகம் உதவா. பரீட்சையில் வருவது பிள்ளை முன்பு பார்த்திராத பந்தி, அதற்கு மனனம் செய்த விடை எங்கே பொருந்தும்? குர்ஆன் மத்ரஸாவில் சூறாக்களை ஓர் எழுத்துப் பிசகாமல் பாடமாக்கிய நினைவாற்றல் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த பெரும் கொடை. அதே பழக்கத்தில் கிரகித்தலையும் சொல்லுக்குச் சொல் ஒப்புவிக்கத்தான் பார்க்கிறார்கள். இங்கே கேட்பது தன் சொல்லில் எழுதும் விடை.

மஃரிபுக்குப் பிறகு பத்து நிமிடம் போதும். பத்திரிகையில் ஏதாவது ஒரு கட்டுரையைப் பிள்ளை முழுவதும் வாசிக்கட்டும். பிறகு பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, வாசித்ததை உம்மம்மாவிடம் ஒரே வசனத்தில் சொல்லட்டும். “டெங்குவைப் பற்றிப் போட்டிருக்கு” என்று மட்டும் சொன்னால் உம்மம்மா விடமாட்டார். “டெங்குக்கு என்னவாம்?” என்று கேட்பார். பதில் வராவிட்டால் ஏசவேண்டாம். மடித்த பத்திரிகையை மறுபடி விரித்துக் கொடுங்கள்.