வண்டல் தந்த ஊர்

மட்டாஞ்சேரிக்கு வருகிறவர்களின் பயணத் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். டச்சு அரண்மனை, யூதர் தெரு, சுக்கும் ஏலக்காயும் மணக்கும் கடைகள், கடைசியாக கோட்டைக் கொச்சியின் சீன வலைகள். அரை நாளில் எல்லாம் முடிந்துவிடும். இவ்வளவையும் பார்த்தவர்கள் பார்க்காமல் போவது ஒன்றைத்தான்: இந்த ஊரை உண்டாக்கிய ஆற்றை.

அது பெரியாறு. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து 244 கி.மீ. ஓடிவரும் இந்த ஆறு ஆலுவாவில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை வடமேற்கே கொடுங்கல்லூர் பக்கம் போய்க் கடலைச் சேர்கிறது. மற்றது தெற்கே திரும்பிக் காயலில் கலக்கிறது. சங்க கால முசிறி இருந்தது வடக்கு முகத்துவாரத்தை ஒட்டி. யவனர்களின் கப்பல்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய கதையை அகநானூறு சொல்கிறது. 1341-ல் வந்த பெருவெள்ளம் அந்தத் துறைமுகத்தை மணலால் தூர்த்து, தெற்கே கொச்சியின் முகத்துவாரத்தை அகலப்படுத்தியது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. ஆறு தடம் மாறியது. வியாபாரமும் கூடவே வந்தது.

மட்டாஞ்சேரியில் பார்க்க இருப்பதெல்லாம் அதற்குப் பிறகு தண்ணீர் வழியே வந்தவைதான். அரண்மனையை 1555-ல் கட்டி கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தவர்கள் போர்த்துகீசியர்கள். பிறகு பழுது பார்த்த டச்சுக்காரர்களின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. 1568-ல் எழுந்த பரதேசி யூத ஆலயத்தின் தரையில் பதித்த நீல வெள்ளை ஓடுகள் சீனாவிலிருந்து கப்பலேறியவை. தமிழர்களுக்கும் இங்கே பங்கு உண்டு. டச்சுக்காரர்கள் அழைத்துவந்ததாகச் சொல்லப்படும் சலவைத் தொழிலாளர்களின் வழிவந்தவர்கள் கோட்டைக் கொச்சியின் தோபிகானாவில் இன்றும் துணி வெளுக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுகிறார்கள்.

ஆகவே மட்டாஞ்சேரிக்குப் படகில் போவதே முறை. 2023-ல் தொடங்கிய வாட்டர் மெட்ரோவின் மின்படகுகள் 2025 அக்டோபர் முதல் இங்கும் வருகின்றன. எதிரே தெரியும் வில்லிங்டன் தீவு இயற்கையானதல்ல. ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது அள்ளிய மண்ணைக் கொட்டி எழுப்பியது. வெள்ளிக்கிழமை அரண்மனைக்கும் சனிக்கிழமை யூத ஆலயத்துக்கும் விடுமுறை என்பதை நினைவில் வைப்பது நல்லது.

இன்னொரு நாள் கிடைத்தால் வடக்கே போகலாம். பரவூர், சேந்தமங்கலம், கோட்டப்புறம் என்று பழைய முசிறி வட்டாரத்தை இணைக்கும் சுற்றுலாப் படகுகள் இருக்கின்றன. 2007 முதல் அகழாய்வு நடந்த பட்டணம் பக்கத்தில்தான். ரோமானிய மதுஜாடிகளின் உடைந்த துண்டுகள் அங்கே ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன.

படகில் போகிறவர்களுக்கு ஆற்றின் இன்னொரு முகமும் தெரியும். ஏலூர், எடையாறு ஆலைகள் நிற்பது இதே பெரியாற்றின் கரையில். 2024 மே மாதம் அங்கே மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. கூண்டு வைத்து மீன் வளர்த்தவர்கள் ஒரே இரவில் முதலை இழந்தார்கள். கோட்டைக் கொச்சியில் நாலைந்து பேர் சேர்ந்து தூக்கும் சீன வலையில் பல நேரம் ஏறுவது ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பையும்தான். படம் எடுக்கக் கூட்டம் குறையவில்லை, மீன்தான் குறைந்துவிட்டது. துறைமுகத்தில் வண்டலும் சேர்ந்துகொண்டே இருக்கிறது. கப்பல் தடத்தை ஓயாமல் தூர்வார வேண்டியிருக்கிறது.

முசிறியை மூடிய வெள்ளத்துக்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. இப்போது ஆற்றுக்கு நடப்பதைப் பற்றி அப்படிச் சொல்லிவிட முடியுமா? அடுத்த முறை மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் இறங்குகிறவர்கள், அரண்மனைப் பக்கம் திரும்பும் முன் கொஞ்சம் குனிந்து தண்ணீரையும் பார்க்கலாம்.