வாசிக்கத் தெரியாத பிள்ளையை வீட்டில் நிறுத்திய நாள்



சென்ற தவணையில் ஒரு செவ்வாய்க்கிழமை, வன்னியில் ஒரு கிராமத்துக்குப் பெண்கள் குழுவொன்றின் சேமிப்புக் கணக்குகளைப் பார்ப்பதற்காகப் போயிருந்தேன். காலை பத்து மணி. தரம் 4 இல் படிக்கும் ஒரு சிறுவன் வீட்டுக் கோழிக்கூட்டடியில் குந்தியிருந்து மண்ணைக் கிளறிக் கொண்டிருந்தான். காய்ச்சலோ என்று தாயிடம் கேட்டேன்.

"காய்ச்சல் ஒண்டுமில்லை மிஸ். இண்டைக்கு வலயத்தில இருந்து பள்ளிக்கூடம் பார்க்க ஆக்கள் வருகினமாம். இவனை ஒருநாள் மறிச்சு வைச்சிருக்கச் சொன்னவை."

"ஏன் அக்கா, காரணம் கேட்கேல்லையா?"

"கேட்டனான். வாசிக்கத் தெரியாத பிள்ளை எழும்பி நிண்டா பள்ளிக்கூடத்துக்குத் தானே கூடாத பேர் எண்டினம். எனக்கும் அது சரி எண்டுதான் பட்டுது."

அந்த அக்கா கணவனை இழந்து கூலிவேலைக்குப் போய் இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவர். முதல் நாள் பின்னேரம் வேலைக்குப் போகாமல் நின்று, மற்றத் தாய்மாருடன் சேர்ந்து அதே பாடசாலையின் வளவைக் கூட்டி, வகுப்பறைச் சுவருக்கு வெள்ளை அடித்துக் கொடுத்திருந்தார். சுவர் சோதனைக்குத் தயாராக நின்றது. பிள்ளை வீட்டில் நின்றான்.

இந்த மாதம் இதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன். வலயத்தில் இருந்து வருகிறவர்கள் எதைப் பார்க்க வருகிறார்கள்? நல்ல பாடசாலை எது என்பதை யார் தீர்மானிப்பது? இவற்றை எங்கள் தாய்மாருக்கு எவரும் சொல்லிக் கொடுத்ததில்லை. "சோதிக்க வருகினம்" என்ற அளவில்தான் செய்தி வீட்டுக்கு வருகிறது.

பாடசாலைக்குச் சோதனை வருவது புதிய விடயமல்ல. எங்கள் அம்மம்மாமார் வித்தியாதரிசி வருகின்ற நாளைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். 1869 இல் ஆங்கிலேய அரசாங்கம் இலங்கையில் பொதுப் போதனைத் திணைக்களத்தை அமைத்தது. அதைத் தொடர்ந்து வந்த காலத்தில், பரீட்சகர் முன்னிலையில் எத்தனை பிள்ளைகள் வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் சித்தியடைகிறார்களோ அதற்கேற்ப மிசன் பாடசாலைகள் போன்ற உதவி பெறும் பாடசாலைகளுக்குப் பணம் கொடுக்கும் முறை இருந்தது. பிள்ளையின் வாசிப்புக்கு விலை வைத்தால் என்ன நடக்கும்? சோதனைக்கு வரும் பகுதியை மட்டும் திரும்பத் திரும்பப் பாடமாக்குவிப்பார்கள். அந்த முறை போய் நூறு ஆண்டுக்கு மேலாகிவிட்டது. ஆனால் அந்தப் பயம் இன்னும் போகவில்லை என்பதை அன்று கோழிக்கூட்டடியில் கண்டேன்.

இன்று நடைமுறை வேறு. நாடு முழுவதற்குமான கல்விக் கொள்கையைப் பரிந்துரைப்பது 1991 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த தேசிய கல்வி ஆணைக்குழு. பிள்ளை எந்தத் தரத்தில் எதைக் கற்க வேண்டும் என்ற பாடத்திட்டத்தை ஆக்குவது மகரகமையில் உள்ள தேசிய கல்வி நிறுவகம். பாடசாலைகளுக்கான தர நியமங்களை வெளியிடுவது கல்வி அமைச்சு. எங்கள் கிராமத்துப் பாடசாலைகளை நடத்துவதோ மாகாணம். 1987 இன் 13 ஆவது திருத்தத்தின் பின்னர் தேசிய பாடசாலைகள் தவிர்ந்த அரசாங்கப் பாடசாலைகள் மாகாண சபைகளின் பொறுப்புக்குள் வந்தன. நாட்டில் ஏறத்தாழ 10,000 அரசாங்கப் பாடசாலைகள் உள்ளன. அவற்றில் தேசிய பாடசாலைகள் ஏறக்குறைய 400 தான். ஆகவே நியமத்தை எழுதுவது ஓரிடம், ஆசிரியரை அனுப்புவது இன்னோரிடம், பாடசாலையை நடத்துவது அதிபர். குறை வந்தால் ஒருவரை ஒருவர் கைகாட்டுவதற்கு இது மிகவும் வசதி. (இதை எழுதியதற்காக வலயத்தில் எனக்குத் தெரிந்தவர்கள் கோபிக்கக் கூடும். அவர்களும் அப்படித்தான் சொல்லி அலுத்துக் கொள்கிறார்கள்.)

பாடசாலை தன்னைத் தானே மதிப்பிட்டுக் கொள்வதற்கென்று கல்வி அமைச்சு 2014 இல் ஒரு கையேட்டை வெளியிட்டது. எங்கள் பாடசாலை எவ்வளவு நல்லது என்ற கேள்விதான் அதன் அடிப்படை. அதில் எட்டுத் துறைகள் சொல்லப்பட்டன. மாணவர் அடைவு, கற்றல் கற்பித்தலும் கணிப்பீடும், முறைசார் பாடத்திட்ட முகாமைத்துவம், இணைப்பாடவிதானம், மாணவர் நலன், தலைமைத்துவமும் முகாமைத்துவமும், பௌதிக வள முகாமைத்துவம், பாடசாலையும் சமூகமும். முதலில் அதிபரும் ஆசிரியர்களும் தாங்களே தங்களுக்குப் புள்ளியிட வேண்டும். இது உள்ளக மதிப்பீடு. பிறகு வெளியில் இருந்து ஒரு குழு வந்து வகுப்பறைக்குள் இருந்து பார்த்து, ஏடுகளைப் புரட்டி, தன் புள்ளியை இடும். இது வெளிவாரி மதிப்பீடு. அன்று வந்தது அந்தக் குழுதான்.

எட்டுத் துறைகளையும் இன்னொருமுறை வாசித்துப் பாருங்கள். பரீட்சைப் பெறுபேறு அடங்குவது முதலாவதற்குள். அதுவும் அதன் ஒரு பகுதியாகத்தான். ஆனால் எங்கள் ஊர்களில் ஒரு பாடசாலை நல்லதா என்று கேட்டால் என்ன பதில் வருகிறது? "ஸ்கொலசிப் எத்தனை பேர் பாஸ்?" என்பதுதான். சந்தியில் கட்டும் பதாகையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த பிள்ளைகளின் படங்கள் இருக்கும். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை உதவிப் பணத்துக்கும் பெரிய பாடசாலை அனுமதிக்கும் பிள்ளைகளைத் தெரிவு செய்வதற்கான பரீட்சை. வெட்டுப்புள்ளியே மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடுகிறது. அதை வைத்துப் பாடசாலையை நிறுக்க முடியாது. ஆனால் நாங்கள் நிறுக்கிறோம். பதாகையில் படம் வராத பாடசாலையில் இருந்து, பஸ்ஸுக்குக் காசுள்ள தாய்மார் பிள்ளைகளை ரவுணுக்குக் கொண்டு போகிறார்கள். மிஞ்சுவது காசில்லாத வீட்டுப் பிள்ளைகள். மாணவர் தொகை குறைய ஆசிரியர் தொகையும் குறைகிறது. பிறகு "இந்தப் பள்ளிக்கூடம் சரியில்லை" என்ற பேச்சு உண்மையாகிவிடுகிறது. இதில் அரசாங்கத்தின் பங்கைப் போலவே எங்கள் பங்கும் உண்டு என்று நான் நினைக்கிறேன்.

இனி அந்தச் சிறுவனின் விடயத்துக்கு வருவோம். ஆரம்பக் கல்வி மூன்று முதன்மை நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. தரம் 1, 2 முதலாவது. தரம் 3, 4 இரண்டாவது. தரம் 5 மூன்றாவது. ஒவ்வொரு நிலையின் முடிவிலும் ஒவ்வொரு பிள்ளையும் பெற்றிருக்க வேண்டிய அத்தியாவசிய கற்றல் தேர்ச்சிகள் வகுக்கப்பட்டுள்ளன. அவற்றைப் பெறாத பிள்ளையை இனங்கண்டு பரிகாரக் கற்பித்தல் கொடுப்பது பாடசாலையின் கடமை. அப்படியானால் இந்தப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்ட வரவில்லை என்பது தரம் 2 முடிவிலேயே தெரிந்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளாக அது எங்கே எழுதப்பட்டது? தாய்க்கு யார் சொன்னது? "அவன் கொஞ்சம் மந்தம்" என்று மட்டும் சொன்னார்களாம். வெளிவாரிக் குழு கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அதைக் கேட்கத் தூண்டக்கூடிய ஒரே சாட்சி அன்று வகுப்பில் இருக்கவில்லை.

ஆசிரியர்மீது முழுப் பழியையும் போட எனக்கு மனமில்லை. அந்தப் பாடசாலையில் ஒரு ரீச்சர் இரண்டு வகுப்புகளை ஒன்றாக வைத்துப் படிப்பிக்கிறார். தினமும் நீண்டதூரம் பஸ்ஸில் வந்து போகிறார். புள்ளி குறைந்தால் அந்தக் குறை தன் தலையில்தான் விழும் என்று அவர் பயப்படுகிறார். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

பௌதிக வளம் என்ற துறையைப் பாருங்கள். யுத்தத்தில் கூரை போன கட்டடம், ஆய்வுகூடம் இல்லாத பாடசாலை, தண்ணீர் வராத மலசலகூடம் இவற்றுக்குப் புள்ளி குறையும். இருப்பதை எப்படிப் பேணுகிறார்கள் என்பது அதிபரின் பொறுப்பு, சரி. இல்லாததற்கு யார் பொறுப்பு? கட்டடத்துக்கும் ஆளணிக்கும் பணம் ஒதுக்குவது அதிபர் அல்லவே. அந்த இடத்தில் குறைகின்ற ஒவ்வொரு புள்ளியும் மாகாணத்துக்கும் மத்திக்கும் இடப்பட்ட புள்ளி என்றுதான் நான் வாசிப்பேன். அறிக்கையில் அது பாடசாலையின் பெயருக்குக் கீழேதான் வரும்.

எனக்கு இதில் ஒரு சொந்த நினைவும் உண்டு. 2009 ஆம் ஆண்டு ஆவணியில் செட்டிகுளம் முகாமுக்குள் இருந்து உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகளில் நானும் ஒருத்தி. கொப்பி, புத்தகம் எல்லாம் மாத்தளன் வழியில் போய்விட்டன. கொழும்பில் பிள்ளைகள் எழுதிய அதே வினாத்தாள்தான் எங்களுக்கும் வந்தது. அது ஒரு வகையில் மரியாதை. எங்களுக்கென்று குறைந்த நியமம் ஒன்றை வைக்கவில்லை. ஆனால் அந்த வினாத்தாளுக்கு முந்திய ஒன்றரை ஆண்டில் எங்களுக்கு யார் என்ன படிப்பித்தார்கள் என்பதை எந்த விடைத்தாளிலும் எழுத இடமிருக்கவில்லை. நியமம் ஒன்றாக இருக்க வேண்டும். அதை அடைவதற்கான உதவி, இழந்தவர்களுக்குக் கூடுதலாக இருக்க வேண்டும். சமூகவியல் படிக்கப் போன பிறகு இதைச் சொல்லச் சொற்கள் கிடைத்தன. விடயம் முகாமிலேயே விளங்கியிருந்தது.

பிள்ளையையும் பாடசாலையையும் வெட்கப்படுத்தாமல் அளக்கும் முறையும் எங்கள் நாட்டிலேயே இருக்கிறது. 2003 இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்விப் பீடத்தின் தேசிய கல்வி ஆராய்ச்சி மதிப்பீட்டு நிலையம், நாடளாவிய ரீதியில் மாதிரியாகத் தெரிந்தெடுத்த பாடசாலைகளில் தரம் 4 பிள்ளைகளின் தாய்மொழி, கணிதம், ஆங்கிலம் ஆகியவற்றை மதிப்பிட்டது. அதில் எந்தப் பிள்ளைக்கும் சித்தி, சித்தியின்மை இல்லை. எந்த மாகாணத்துக்கு எதில் குறை என்று அரசாங்கம் தன்னைத் தானே பார்த்துக் கொள்வதற்கான சோதனை அது. பதாகை கட்ட அதில் ஒன்றுமில்லை என்பதாலோ என்னவோ, எங்கள் ஊர்களில் அதைப் பற்றி எவரும் கதைப்பதில்லை.

சரி, தாய்மார் என்ன செய்யலாம்? எட்டாவது துறையின் பெயரே பாடசாலையும் சமூகமும். அந்தச் சமூகம் நீங்கள்தான். சுவருக்கு வெள்ளை அடிப்பது மட்டும் அதில் அடங்காது. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போங்கள். நான் போன கூட்டங்களில் எல்லாம் வாங்கில்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். செயற்குழுவுக்குப் பெயர் கேட்டால் எழும்புகிறவர்கள் ஆண்கள். அங்கே, "உள்ளக மதிப்பீடு இந்த வருடம் செய்தீர்களா, எந்தத் துறையில் புள்ளி குறைவு" என்று கேளுங்கள். சண்டைக்குப் போவது போலக் கேட்க வேண்டியதில்லை. அதிபருக்கே அது உதவியாக இருக்கலாம். ஆசிரியர் பற்றாக்குறையை அவர் தனியாக எழுதுவதிலும் பெற்றோரும் சேர்ந்து வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுதுவதிலும் வித்தியாசம் உண்டு.

உங்கள் பிள்ளையைப் பற்றிக் கேட்கும்போது "எப்படிப் படிக்கிறான்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். பதிலும் பொதுவாகத்தான் வரும். எந்தத் தேர்ச்சி வரவில்லை, பரிகாரக் கற்பித்தல் எந்த நாளில், எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். வாசிக்கத் தெரியாத தாயும் இதைக் கேட்கலாம். பிள்ளையை மறிக்கச் சொன்னால், மறிக்க முடியாது என்று சொல்லலாம். கட்டாயக் கல்வி வயது 5 முதல் 14 வரை என்று 1997 இல் ஒழுங்குவிதி வந்தது. 2016 இல் அது 16 வயது வரை நீட்டப்பட்டது. பிள்ளையை அனுப்பும்படி தாயைக் கட்டாயப்படுத்தும் அரசாங்கத்தின் பாடசாலை, அனுப்ப வேண்டாம் என்று எப்படிச் சொல்லலாம்?

வெளிவாரிக் குழுவின் அறிக்கையைப் பார்க்க விரும்பினால் அதற்கும் வழியுண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வலயக் கல்விப் பணிமனையின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவை அவர்கள் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். நீங்கள் மேன்முறையீடு செய்யலாம்.

அந்த அக்காவிடம் இவற்றையெல்லாம் ஒரே நாளில் சொல்லவில்லை. இரண்டு மூன்று தடவை போய்வந்த பின் ஒருநாள், "மிஸ், அப்ப அண்டைக்கு நான் இவனை மறிச்சது பிழைதானே" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அடுத்த கிழமை அவரே ரீச்சரிடம் போயிருக்கிறார். ரீச்சர் அழுதுவிட்டாராம். இப்போது வியாழக்கிழமைகளில் பாடசாலை விட்ட பிறகு முக்கால் மணித்தியாலம் இவனோடு வேறு நான்கு பிள்ளைகளும் இருந்து எழுத்துக்கூட்டுகிறார்கள். அன்று வீட்டில் மறிக்கப்பட்டவன் இவன் ஒருவன் மட்டுமல்ல என்பதும் அப்போதுதான் தெரிய வந்தது.

ஐந்து தாய்மாரும் சேர்ந்து அறிக்கையைக் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். நான் சொல்லச் சொல்ல எழுதியது தரம் 9 இல் படிக்கும் மூத்த மகள். வலயத்தில் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதாகத் திகதி போட்டு வாங்கி வந்த பற்றுச்சீட்டை அக்கா பங்கீட்டு அட்டை வைக்கும் பைக்குள் வைத்திருக்கிறார். நாட்காட்டியில் சனி, ஞாயிறு, போயா நாட்களை விட்டுவிட்டு எண்ணிப் பார்த்தோம். வருகிற மாதம் ஏழாம் திகதியோடு 14 நாள் முடிகிறது.