கைபேசிக் கட்டணமும் ஏழை ஜனங்களும்

டெலிபோன் பேச்சு இந்நாட்டில் இலவசமாகிவிட்டதென்று கம்பெனிக்காரர்களும், அவர்களுக்குச் சாதகமாகப் பேசும் நிபுணர்களும் சொல்லி வருகிறார்கள். ஒரு சந்தாவைக் கட்டிவிட்டால் கன்னியாகுமரி முதல் காஷ்மீர் வரையில் யாரோடும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம், நிமிஷக் கணக்கு ஒழிந்தது என்பது அவர்கள் வாதம். இதில் உண்மை இருக்கிறது. எனினும் அது பாதி உண்மையே. மற்றப் பாதியை அறிய விரும்புவோர், கடலூர் ஜில்லாவின் கிராமங்களில் பட்டன் போன் வைத்திருக்கும் கூலிக்காரரையும் மீனவரையும் முதியோரையும் விசாரிக்க வேண்டும். இவர்கள் அழைப்பது அருமை. பிறர் அழைத்தால் எடுத்துப் பேசுவதே வழக்கம். கூப்பிடுகிறவனுடைய செலவு குறைந்த அதே காலத்தில், கூப்பிட்ட குரலைக் கேட்பவனுடைய செலவு ஏறியிருக்கிறது. இது எவ்வாறு நேர்ந்தது என்பதையும், பரிகாரம் யாது என்பதையும் இங்கே ஆராய்வோம்.

முதலில் பெற்ற நன்மையை ஒப்புக்கொள்வது நியாயம். கடலூரும் சிதம்பரமும் ஒரே ஜில்லாவில் அடங்கியவை. இடையே நாற்பத்துச் சொச்சம் கிலோமீட்டர் தூரந்தான். ஆயினும் டெலிபோன் இலாகாவின் கணக்கில் கடலூரின் எண் 04142, சிதம்பரத்தின் எண் 04144. ஆகவே கடலூர்க் கோர்ட்டில் வழக்கு வைத்திருக்கும் சிதம்பரத்து விவசாயி தம் வக்கீலோடு பேசுவதற்கு எஸ்.டி.டி. பூத்தின் வாசலில் நின்று, மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டியிருந்த காலம் உண்டு. இரவில் கட்டணம் குறையுமென்று காத்திருந்து பேசியவர்கள் அநேகர். கைபேசியோ பணக்காரர்களுக்கு மாத்திரம் உரிய பொருளாக வந்தது. 1995ஆம் வருஷம் ஜூலை 31ந் தேதி கல்கத்தாவிலிருந்து முதல் மந்திரி ஜோதி பாசு டெல்லியில் இருந்த மந்திரி சுக்ராமோடு முதல் கைபேசிப் பேச்சைப் பேசினார். அக்காலத்தில் நிமிஷத்துக்குப் பதினாறு ரூபாய் வரையில் கட்டணம். கூப்பிடுகிறவர் மட்டுமன்றி, கேட்கிறவரும் நிமிஷத்துக்கு இவ்வளவென்று கொடுக்க வேண்டியிருந்தது.

இந்த இரட்டைக் கட்டணம் 2003ஆம் வருஷம் ஒழிந்தது. அவ்வருஷம் மே முதல் தேதியிலிருந்து, கூப்பிடுகிறவரே பணம் கொடுப்பது என்ற விதி அமுலுக்கு வந்தது. 2006 மார்ச்சில் பி.எஸ்.என்.எல். தேசம் முழுவதற்கும் நிமிஷத்துக்கு ஒரு ரூபாய் என்ற திட்டத்தைக் கொணர்ந்தது. 2009இல் கம்பெனிகள் போட்டியிட்டுக் கொண்டு விநாடிக் கணக்கில் விலை வைத்தன. தறி நெய்கிறவரும், மீன் விற்கும் பெண்மணியும் கைபேசி வாங்கியது இக்காலத்திலேதான்.

இனி, வாசகர்கள் சற்றுப் பொறுமையுடன் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். சிதம்பரத்திலிருந்து ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர், கடலூரில் வேறொரு கம்பெனியின் எண்ணைக் கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பேச்சைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக, முதற் கம்பெனி இரண்டாவது கம்பெனிக்கு நிமிஷத்துக்கு இவ்வளவென்று ஒரு கூலி கொடுத்து வந்தது. இதை நிர்ணயிப்பது டிராய் என்னும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். 2004இல் இக்கூலி 30 பைசா. 2009 ஏப்ரலில் 20 பைசாவாகவும், 2015 மார்ச்சில் 14 பைசாவாகவும், 2017 அக்டோபரில் 6 பைசாவாகவும் குறைக்கப்பட்டது. 2021 ஜனவரி முதல் தேதியோடு அது அடியோடு நீங்கியது. பேச்சு மலிந்ததற்கு இது ஒரு முக்கிய காரணம்.

இக்கூலிக்கு மற்றொரு பலன் இருந்ததைப் பலர் கவனிப்பதில்லை. தாம் யாரையும் கூப்பிடாமல், வரும் அழைப்பை மாத்திரம் எடுத்துப் பேசும் ஏழை வாடிக்கையாளரும் அந்நாளில் தம் கம்பெனிக்கு வருமானம் தேடித் தந்தார். அவருக்கு வந்த ஒவ்வொரு அழைப்புக்கும் மற்றக் கம்பெனி பணம் கொடுத்தது. கூலி குறையக் குறைய, இந்த வாடிக்கையாளர் கம்பெனிக் கணக்கில் லாபமற்றவராகிவிட்டார். 2017 அக்டோபரில் கூலி 6 பைசாவுக்கு இறங்கிற்று. 2018ஆம் வருஷ ஆரம்பத்தில் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானோர் நம்பியிருந்த ஏர்செல் கம்பெனி திவாலாயிற்று, போட்டி சுருங்கிற்று. அவ்வருஷக் கடைசியில் பெரிய கம்பெனிகள், 28 நாளுக்கு ஒருமுறை குறைந்தது 35 ரூபாய் கட்டாதவர்களுக்கு வரும் அழைப்பையும் நிறுத்திவிடுவோமென்று அறிவித்தன. இவையெல்லாம் அடுத்தடுத்து நிகழ்ந்தது தற்செயலன்று என்பதே நமது அபிப்பிராயம். கூப்பிடுகிறவரிடம் வாங்க முடியாததைக் கேட்கிறவரிடம் வாங்கத் துணிந்தார்கள்.

அந்த 35 ரூபாய் அவ்வளவில் நிற்கவில்லை. ஏர்டெல்லை உதாரணமாக எடுத்துக்கொண்டால், 2019 முடிவில் 45, 2021 ஜூலையில் 79, அதே வருஷம் நவம்பரில் 99, 2023இல் 155 என்று படிப்படியாக ஏறி, 2024 ஜூலையில் 28 நாள் சந்தா 199 ரூபாயாயிற்று. அதே மாதம் ஜியோவின் 155 ரூபாய்ச் சந்தா 189 ஆயிற்று. பழைய 35 ரூபாயில் பேச்சுக்குத் தனிக் கணக்கு இருந்தது, புதிய சந்தாவில் எல்லையின்றிப் பேசலாமே, இண்டர்நெட்டும் உண்டே என்று சொல்லக்கூடும். நாள் முழுதும் பேசுகிறவருக்கு அது லாபந்தான். திருப்பூரில் வேலை செய்யும் மகன் வாரம் ஒருமுறை கூப்பிடுவான் என்று காத்திருக்கும் புவனகிரிப் பக்கத்துத் தாயாருக்கு, எல்லையற்ற பேச்சாலும் இண்டர்நெட்டாலும் என்ன பிரயோஜனம்? அவரைப் பொறுத்தவரையில், 35 ரூபாய்க்குக் கிடைத்த பொருள் இன்று ஐந்து மடங்குக்கு மேல் விலையேறிவிட்டது.

இத்தொகை அற்பமென்று நகரவாசிகள் எண்ணலாம். தமிழ்நாட்டில் முதியோருக்கும் விதவைகளுக்கும் மாதந்தோறும் கொடுக்கும் உதவித்தொகை, 2023 ஆகஸ்டில் உயர்த்தப்பட்ட பிறகு, 1,200 ரூபாய். அதில் 189 ரூபாய் என்பது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. வேண்டாமென்று சிம்மை எறிந்துவிடவும் வழியில்லை. பாங்கிக் கணக்கும், ஆதாரும், காஸ் சிலிண்டரும் அந்த எண்ணோடு பிணைக்கப்பட்டிருக்கின்றன; ஓ.டி.பி. வராவிட்டால் காரியம் நடப்பதில்லை. மேலும் இந்த ஜில்லா புயலுக்கும் வெள்ளத்துக்கும் வீடு. 2004ஆம் வருஷத்துச் சுனாமியையும், 2011ஆம் வருஷத்துத் தானே புயலையும், 2015ஆம் வருஷத்து வெள்ளத்தையும் கண்ட தேவனாம்பட்டினத்திலும் கிள்ளையிலும், கரையிலுள்ள உறவினர் கூப்பிட்டால் மணியடிக்காத போன் எவ்வளவு பெரிய ஆபத்தென்று விளக்க வேண்டுவதில்லை.

டிராய் இதை அறியாமலில்லை. 2024 ஜூலை 26ந் தேதி ஓர் ஆலோசனைப் பத்திரம் வெளியிட்டுப் பொதுஜன அபிப்பிராயம் கேட்டது. இண்டர்நெட் வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் அடங்கிய சந்தா ஒன்றையாவது ஒவ்வொரு கம்பெனியும் கொடுத்தாக வேண்டுமென்று டிசம்பர் 23ந் தேதி உத்தரவும் போட்டது. நல்ல உத்தரவு. கம்பெனிகள் அதற்குக் கீழ்ப்படிந்த விதத்தைப் பாருங்கள். ஏர்டெல், 6 ஜி.பி. இண்டர்நெட்டோடு 509 ரூபாய்க்கு விற்றுவந்த 84 நாள் சந்தாவிலிருந்து இண்டர்நெட்டை எடுத்துவிட்டு, விலையில் பத்தே ரூபாய் தள்ளி 499 என்றது. ஜியோ 479 ரூபாய்ச் சந்தாவை அதேமாதிரி அறுத்து 458 என்றது. டிராய் இவ்விலைகளைப் பரிசீலிப்பதாகச் சொன்ன பிறகு, ஓரிரு தினங்களிலேயே 499 ரூபாய் 469 ஆயிற்று. 458 ரூபாய் 448 ஆயிற்று. ஆணையம் பரிசீலிப்பதாகச் சொன்ன மாத்திரத்தில் முப்பது ரூபாய் குறைக்க முடிந்ததென்றால், முதல் விலை எந்த நியாயத்தின் மேல் நின்றது?

குறைந்த விலையிலும் ஒரு சூழ்ச்சி தங்கியிருக்கிறது. 448 ரூபாயை 84 நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு ஐந்து ரூபாய் சொச்சம். 28 நாளுக்கு 150 ரூபாய்க்குள் அடங்கும். 189 ரூபாயோடு ஒப்பிட்டால் நாற்பது ரூபாய் மிச்சம். அந்த மிச்சத்தைப் பெற ஏழை மூன்று மாதப் பணத்தை ஒரே தவணையில் வைக்க வேண்டும். 2025-26ஆம் வருஷத்துக்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். 448 ரூபாய் என்பது ஒன்றேகால் நாள் கூலிக்கு மேல். கையில் மொத்தப் பணமில்லாதவர் 28 நாள் சந்தாவையே கட்டி, தமக்கு வேண்டாத இண்டர்நெட்டுக்கும் விலை கொடுக்கிறார். பணமுள்ளவனுக்கு மலிவாகவும் இல்லாதவனுக்குக் கிராக்கியாகவும் விற்பது எந்தத் தர்மம்?

கம்பெனிகளுக்கும் சில கஷ்டங்கள் உண்டு. அலைவரிசை ஏலத்துக்கும், 5ஜி கோபுரங்களுக்கும் பெருந்தொகை செலவாகிறது. 2019 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்பினால் சர்க்காருக்குச் செலுத்த வேண்டிய பாக்கியும் ஏறியது. ஆயினும், 5ஜி செலவை அதை அனுபவிக்கிறவர் கொடுப்பதே முறை. பட்டன் போன்காரரிடம் அதை வசூலிப்பதற்கு நியாயமில்லை. 1879ஆம் வருஷத்தில் அந்நிய சர்க்கார்கூடக் காலணாவுக்குத் தபால் கார்டு கொடுத்தது. கார்டு எழுதுகிறவன் பார்சலுக்கும் சேர்த்து ஸ்டாம்பு ஒட்ட வேண்டுமென்று எந்தப் போஸ்ட் மாஸ்டரும் கேட்டதில்லை. இன்று கைபேசியில் நடப்பது அதுவே.

சர்க்காரும் இதில் பொறுப்பற்றவர்களல்லர். ஒவ்வொரு சந்தாவிலும் நூற்றுக்குப் பதினெட்டு வீதம் ஜி.எஸ்.டி. அடங்கியிருக்கிறது, 189 ரூபாயில் சுமார் 29 ரூபாய் வரி. கிராமங்களுக்கும் ஏழைகளுக்கும் டெலிபோன் வசதி செய்வதற்கென்றே கம்பெனிகளின் வருமானத்தில் நூற்றுக்கு ஐந்து வீதம் ஒரு நிதிக்கு வசூலிக்கப்படுகிறது. டிஜிட்டல் பாரத் நிதி என்று இப்போது பெயர் பெற்றிருக்கும் அந்நிதி, கோபுரம் கட்டுவதற்கு மட்டுமா? கோபுரம் வந்தும் பேச இயலாதவருக்கும் அதில் பாத்தியதை உண்டு.

நாம் கேட்பவை மூன்று. முதலாவது, பேச்சுக்கு மட்டுமான சந்தாவை 28 நாள் தவணையிலும், 84 நாள் சந்தாவின் அதே விகிதத்தில், எல்லாக் கம்பெனிகளும் கொடுக்க வேண்டும். இரண்டாவது, வரும் அழைப்பையும் ஓ.டி.பி.யையும் மாத்திரம் பெறுவதற்கு மாதம் 50 ரூபாய்க்கு மேற்படாத ஒரு சந்தாவை டிராய் நிர்ணயிக்க வேண்டும். கட்டணத்தைக் கம்பெனிகளின் இஷ்டத்துக்கு விடுவது டிராய் அனுசரித்துவரும் கொள்கை. போட்டி இருந்தபோது அது பொருந்தியது, மூன்று தனியார் கம்பெனிகள் மிஞ்சிய பின் பொருந்தாது. இச்சந்தாவால் நஷ்டம் நேருமானால் மேற்சொன்ன நிதியிலிருந்து ஈடு செய்யலாம். அதன்மேல் வரியும் கூடாது. மூன்றாவது, பொதுச் சொத்தாகிய பி.எஸ்.என்.எல். இவ்விஷயத்தில் வழிகாட்ட வேண்டும். 2024 ஜூலையில் மற்றவர்கள் விலையேற்றியபோது அது ஏற்றாததைக் கண்டு லட்சக்கணக்கானோர் அதனிடம் வந்தார்கள். 2025 செப்டம்பரில் சுதேசி 4ஜி தொடங்கப்பட்டிருக்கிறது. மலிவான சந்தா மட்டும் போதாது. சிக்னலும் சேர்ந்திருந்தால்தான் தனியார் கம்பெனிகள் தாமே இறங்கி வருவர்.

தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. டிராய் எந்த விதியை மாற்றுவதற்கு முன்னும் ஆலோசனைப் பத்திரம் வெளியிடுகிறது; எவரும் எழுதலாம். கம்பெனிகள் வக்கீல்களை வைத்துப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. பரங்கிப்பேட்டையிலிருந்தும் காட்டுமன்னார்கோயிலிலிருந்தும் எத்தனை கடிதங்கள் போகின்றன? ஒவ்வொரு ஊரிலும் பட்டன் போன்காரர் எத்தனை பேர், மாதம் என்ன கட்டுகிறார்கள், எத்தனை பேருக்கு அழைப்பு நின்றிருக்கிறது என்று வீடு வீடாகக் கணக்கெடுத்து, அதை மகஜராக்கி டிராய்க்கும் பார்லிமெண்டு அங்கத்தினர்களுக்கும் அனுப்புவது கடினமான வேலையன்று. 2025 ஜனவரியில் ஓரிரு தினத்துப் பரிசீலனைக்கே முப்பது ரூபாய் இறங்கிற்று. ஜில்லா முழுவதும் கணக்கோடு எழுந்து கேட்டால், மிச்சமும் இறங்காமற் போகாது.