பழைய பொருள் விற்பனையிலும் 23 ரூபாயா?

சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருளை இன்னொருவருக்கு விற்பது வியாபாரம் அல்ல. தென்காசி மாவட்டத்தில், செங்கோட்டை சாலையில் பழைய பைக்கைக் கைமாற்றுபவரும், பாவூர்சத்திரத்தில் வீட்டு கிரைண்டரை அக்கம்பக்கத்தில் விற்பவரும் வியாபாரிகள் அல்லர். நகை, ஓவியம் போன்ற சில நீங்கலாக, வீட்டு உபயோகப் பொருள்களை வருமான வரிச் சட்டம் மூலதனச் சொத்தாகவே கருதுவதில்லை. 2024 டிசம்பரில் பழைய வாகனங்களுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி என்ற அறிவிப்பு வந்தபோதும், அது பதிவு பெற்ற வியாபாரியின் லாபத்தின் மீதுதான் விதிக்கப்பட்டது.

ஏய்ப்பதற்கு வரியே இல்லாத இடத்தில், "கார்டு வேண்டாம், கையில் கொடுங்க" என்று கேட்பவரைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது அநியாயம். கார்டைத் தேய்த்துத் தருகிறேன் என்று இடையில் ஒருவர் 2 சதவீதம் பிடித்துக்கொண்டால், அது விற்பவருக்கோ வாங்குபவருக்கோதான் நஷ்டம். அந்தக் கட்டணத்துக்கு ஈடாகப் பொருளுக்கு உத்தரவாதமும் கிடையாது. அதைத் தவிர்ப்பது இருவரின் உரிமை. பத்து பைக்குகளை வரிசையில் நிறுத்திவிட்டு, மனைவியின் செல்போன் எண்ணில் பணம் வாங்கி வரவை மறைக்கும் புரோக்கருக்கு மட்டும் இந்த நியாயம் பொருந்தாது. அவர் செய்வது ஏமாற்று வேலை.

கட்டணமில்லாமல் பணம் கைமாற எளிய வழிகள் இரண்டு இருந்தன. ஒன்று யுபிஐ. அதிலும் நாளொன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரைதான். இன்னொன்று ரொக்கம். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்ற சட்டத்துக்கு உட்பட்டு, சாதாரண மனிதரின் விற்பனைகள் ரொக்கத்திலேயே முடிந்துவந்தன. அந்த இரண்டாவது வழியில்தான் 2025 மே 1 முதல் ரிசர்வ் வங்கி மீண்டும் கை வைத்திருக்கிறது. இலவச முறைகள் தீர்ந்தபின் ஏடிஎம்மில் எடுக்கும் ஒவ்வொரு முறைக்கும் வங்கிகள் 23 ரூபாய் வரை வசூலிக்கலாம். வரியும் சேர்ந்தால் 27 ரூபாய் 14 காசு.

32,000 ரூபாய்க்கு ஒரு பழைய பைக் விலைபேசி முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் ஆர்சி புக்கையும் சேஸிஸ் எண்ணையும் ஒத்துப் பார்க்கிறார். 29, 30-ஆம் எண் படிவங்களில் கையெழுத்தாகிறது. விற்பவர் வயதானவர், பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். அட்வான்ஸ் போக மீதி ரொக்கம். வேற்று வங்கி ஏடிஎம்மில் ஒரு தடவைக்கு 10,000 ரூபாய்தான் வருகிறது என்றால் கார்டை மூன்று முறை செருக வேண்டும். பெருநகரங்கள் அல்லாத ஊர்களில் மாதம் ஐந்து முறை சொந்த வங்கியிலும், ஐந்து முறை பிற வங்கியிலும் இலவசம் என்பது உண்மைதான். ஆனால் சொந்த வங்கியின் ஏடிஎம்மே இல்லாத ஊரில் முதல் ஐந்து இருந்தும் இல்லாததுதான். இருப்பு எவ்வளவு என்று பார்த்தாலும் ஒரு முறை கழிந்துவிடும். வாரக்கூலி கணக்கில் ஏறும் பீடித் தொழிலாளிக்கு ஒரு மாதக் கூலியை எடுப்பதற்குள்ளேயே நான்கு முறை போய்விடும்; இருப்பை ஒருமுறை பார்த்திருந்தால் ஐந்தும் தீர்ந்துவிடும். பிறகு அவர் ஒரு பழைய மிக்ஸி வாங்கப் பணம் எடுத்தால், 27 ரூபாய் சேர்த்துத்தான் வாங்க வேண்டும்.

20 ரூபாயாக இருந்தது 2022 ஜனவரியில் 21 ஆனது, இப்போது 23. இயந்திரத்தைப் பராமரிக்கும் செலவு கூடிவிட்டது என்பது சொல்லப்படும் காரணம். கவுன்ட்டரில் நின்றவர்களை இயந்திரத்துக்குப் போகச் சொன்னது யார்? போகச் சொன்னவர்களே அதற்கான செலவையும் மக்கள் தலையில் கட்டுகிறார்கள்.

இதே கைகள் எடுத்த பழைய முடிவுகளும் மறக்கக்கூடியவை அல்ல. 2016 நவம்பரில் வெளியான புதிய நோட்டுகள் அளவு மாறியதால் ஏடிஎம் தட்டுகளில் பொருந்தவில்லை. நாடு முழுவதும் இயந்திரங்களைத் திருத்தும்வரை மக்கள் வரிசையில் நின்றார்கள். சந்தையில் சில்லறை கிடைக்காத 2,000 ரூபாய் நோட்டை அடித்தார்கள்; 2023 மே மாதம் திரும்பப் பெற்றார்கள். மாதத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் பணமின்றிக் கிடக்கும் ஏடிஎம்முக்கு 10,000 ரூபாய் அபராதம் என்று 2021 அக்டோபரில் விதி கொண்டுவந்தார்கள். குற்றாலத்தில் சாரல் சீசனின் சனி, ஞாயிறு கூட்டத்தில் இயந்திரம் காலியாகி, வெறுங்கையுடன் திரும்பும் வாடிக்கையாளருக்கு அந்த அபராதத்தில் ஒரு பைசாவும் வராது.

யுபிஐயிலும் இதே அலட்சியம். பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியை வைத்து, பழைய சோபா விற்க விளம்பரம் கொடுத்தவர்களிடம் "பின் நம்பர் போட்டால் பணம் வரும்" என்று சொல்லி மோசடிக்காரர்கள் கணக்கைச் சுரண்டினார்கள். ஊரறிந்த மோசடி. தனிநபர்களுக்கு இடையே அந்த வசதியை நிறுத்த 2025 அக்டோபர் வரை பொறுத்திருந்தார்கள். மக்கள் இழந்த பணத்துக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. மக்களிடம் வசூலிக்க மட்டும் தேதி தவறுவதில்லை.

2019 நவம்பரில் தனி மாவட்டமான தென்காசியில் கிராமங்களில் வாழ்பவர்கள் ஏராளம். பெருநகரத்துக் கணக்கில் போட்ட கட்டணம் இங்கே செல்லாது. 23 ரூபாய் என்ற முடிவை உடனே மறுபரிசீலனை செய்ய வேண்டும். சிற்றூர்களின் நிலைக்குத் தக்கபடி நியாயமான ஓர் ஏற்பாட்டுக்கு வர வேண்டும். நம் மக்கள் பிரதிநிதிகளும் இதை உரிய இடத்தில் எழுப்ப வேண்டும். அதுவரை, தன் பழைய பொருளுக்குப் பணத்தைக் கையில் வாங்குபவரைக் குற்றவாளிபோலப் பார்ப்பதையாவது நிறுத்தட்டும்.